பதினான்காம் எண்ணின் நடை

என் சகலைக்கு நான் தர வேண்டியிருந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபது. சரக்குக் கொட்டகையில் மூட்டையோடு விழுந்து முதுகு போய், மாதக்கணக்கில் நான் படுத்துக் கிடந்தபோது கொடுத்தது. முப்பத்தெட்டாயிரத்து நானூறு ஆஸ்பத்திரிக்கும் வீட்டு வாடகைக்கும் போனது. இருபது, என்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் வாங்கித் தந்த டீக்கும் பன்னுக்கும். அந்த இருபதை விட்டுவிட்டு ஒரு நாளும் அவர் தொகையைச் சொன்னதில்லை.

சகலை என் மனைவியின் அக்கா கணவர். மாடியில் அவர் குடும்பம், கீழே நாங்கள். படி ஏறும்போதும் இறங்கும்போதும் என் கதவைப் பார்த்துக் கொஞ்சம் நிற்பார். பணத்தைக் கேட்க மாட்டார். நிற்பதுதான் கேட்பது.

ஆனால் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதையும் சொல்லியாக வேண்டும். விளையாட்டரங்கின் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர், அங்கே இருந்த கூடைப்பந்து கிளப் தன் ஆட்டங்களை வீடியோவில் பார்த்துக் குறிக்க ஆள் தேடியபோது முதல் ஆளாக உள்ளே போனார். இனி பாரம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதும் என்னையும் உள்ளே இழுத்துப் போட்டார். எழுதப் படிக்க நான் கற்றதே நரை விழுந்த பிறகுதான். "எழுத வேண்டாம் சகலை, அழுத்தினா போதும்" என்றார்.

அரங்கத்துக்கு அடியில் ஓர் அறை. ஜன்னல் கிடையாது. நான்கு மேசை, நான்கு திரை, நான்கு பேர். தலைக்கு மேலே பயிற்சி நடக்கும்போது பந்து விழுகிற சத்தம் கூரை வழியாக இறங்கி மண்டைக்குள் உட்காரும். நாள் முழுக்க உடம்பை அசைத்தே பழகியவனை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கால் தானாக ஆடும். தொடை மேல் கையை வைத்து அமுக்கிக்கொள்வேன், அப்போது தோள் ஆடும்.

எங்கள் வேலை இதுதான். கையிலிருந்த பந்து எதிரணிக்குப் போய்விட்டால், நம் ஐந்து பேரும் நம் கூடையைக் காக்கத் திரும்பி ஓட வேண்டும். ஓடினானா, அரை ஓட்டமா, ஓட வேண்டிய நேரத்தில் நடந்தானா. மூன்றுக்கும் மூன்று பொத்தான். ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்போம், ஒரு தடவைக்கு ஓர் ஆட்டக்காரன். பெரிய கிளப்புகளில் கேமராவே கால் வேகத்தை அளந்து சொல்லிவிடுமாம். எங்கள் கிளப்புக்கு அந்த வசதி இல்லை. எங்கள் கண்தான் கேமரா.

ஒரு கண்ணை நம்ப முடியாது என்று ஒரே ஆட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பேசக் கூடாது, அடுத்தவர் திரையைப் பார்க்கக் கூடாது. இரண்டு பேர் போட்டதையும் சேர்த்துச் சராசரி எடுத்துத் தாளில் இறக்குவது புள்ளிவிவரம் படித்த ஒரு பெண். அறையில் அவருக்குப் பெயர் கணக்கம்மா. அந்தத் தாள் கோச்சுக்குப் போகும், ஒரு நகல் நடைவழிச் சுவரிலும் ஒட்டப்படும். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது, ஆட்டப் பருவம் பாதி ஆனதும் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று கோச் முடிவு செய்வதில் அந்தத் தாளுக்கும் பங்குண்டு.

ஜோடியாகக் குறிக்கிற இருவர் நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போனால் ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு நானூறு போனஸ். என்னையும் சகலையையும் ஜோடி போட்டிருந்தார்கள். ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. எங்களுக்கு எண்பதைத் தாண்டியதே இல்லை. காரணம் பதினான்காம் எண்.

பதினான்கு நல்ல உயரம். நிற்கிற நிற்பைப் பார்த்துச் சகலை அவனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார். கொக்கு திரும்பி வருகிற ஓட்டத்தில் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. இடது காலை ஊன்றும்போது அதே பக்கத் தோள் லேசாக இறங்கும். மூட்டை சுமந்த காலத்தில் முட்டி போனவர்கள் எல்லாரும் அப்படித்தான் படி ஏறுவார்கள். சகலை 'நடை' போடுகிற இடத்தில் பாதிக்கு என் விரல் 'அரை ஓட்டம்' போட்டது.

ஒரு நாள் படியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"கொக்கு மேல உனக்கு என்ன சகலை அவ்வளவு பாசம்? பொண்ணு கிண்ணு குடுக்கப் போறியா?"

"முட்டி சரியில்ல அவனுக்கு. நல்லாப் பாருங்க, தோள் இறங்குது."

"முட்டிக்கு பொத்தான் இருக்கா? இல்லல்ல. நீ இரக்கப்பட்டா உன் போனஸ் மட்டுமா போகுது, என்னோடதும் சேர்ந்துல்ல போகுது."

"நான் பார்க்கிறதைத்தானே போட முடியும்."

"சரி, இப்படிப் பண்ணு. கொக்கு ரவுண்டு வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணா ஆரம்பிப்போம். நான் நடைன்னு நினைக்கிற இடத்துல இருமுறேன். நீயும் நடை போடு. உன் நானூறை எங்கிட்ட குடுத்துடு, கடன்ல கழிச்சுக்கறேன். நீயா எப்ப குடுக்கப் போற? சாம்பலாப் போனப்புறமா?"

முடியாது என்று சொல்ல எனக்கும் வாய் இருந்தது. அதன் மேல் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபது உட்கார்ந்திருந்தது.

அப்படி ஆரம்பித்தது. வீடியோவுக்குச் சத்தம் கிடையாது, அறையும் அமைதி. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன இருமல். நான் நடை போடுவேன். முதல் இரண்டு ஆட்டங்களில் இருமல் வந்ததும் திரையைப் பார்த்து, சரிதானா என்று மனதுக்குள் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் அழுத்தினேன். பிறகு சண்டை போடுவதற்கே சலிப்பாக இருந்தது. கண் திரையில் இருந்தது, விரல் காதோடு சேர்ந்துகொண்டது. பத்து ஆட்டம் தொண்ணூறைத் தாண்டினோம். நாலாயிரம் கழிந்தது. சகலை கதவுக்கு முன்னால் நிற்பதை நிறுத்திவிட்டார். என் மனைவிகூட, "அத்தான் இப்பல்லாம் சிரிச்சுப் பேசுறாரே, என்ன மாயம் பண்ணீங்க?" என்று கேட்டாள். ஆட்டம் நல்லாப் புரிய ஆரம்பிச்சிடுச்சு என்றேன்.

எனக்குத்தான் உட்கார முடியவில்லை. சுவரில் ஒட்டுகிற தாளில் பதினான்குக்கு நேரே இருக்கிற நடை எண் ஏறிவிட்டது. முன்பு ஆட்டத்துக்குப் பதினான்கு, பதினைந்து நடை என்று இருந்தது. இப்போது இருபதைத் தாண்டியது. சகலை கூட்டிப் போடவில்லை, அவர் எப்போதும் போடுகிற அளவுதான் போட்டார். நானும் அவரைப் போலத்தான் போட்டேன். பிறகு எப்படி இத்தனை ஏறுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. படித்தவர்கள் கணக்கு, அதில் ஏதோ இருக்கும் என்று விட்டேன். கோச் பதினான்கை ஆட்டத்தின் பாதியில் வெளியே எடுக்க ஆரம்பித்தார்.

பதினோராவது ஆட்டம் குறித்த அன்று காலையிலிருந்தே மழை. சகலை நனைந்து வந்தார். கொக்கு ரவுண்டு ஆரம்பித்ததும் பின்னால் இருமல் வந்தது. போட்டேன். உடனே இன்னொன்று. போட்டேன். இன்று மனிதர் கொக்கை ஒரேயடியாகக் கட்டம் கட்டிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு இடத்தில் பதினான்கு முழு வேகத்தில் வந்து எதிரணிக்காரன் கையிலிருந்து பந்தையே தட்டிவிட்டான். அப்போதும் இருமல். என் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு நடை போட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தாள் ஒட்டினார்கள். பதினான்குக்கு நேரே முப்பத்து மூன்று.

டீ குடித்துவிட்டு நடைவழியில் திரும்பி வரும்போது பதினான்கு அந்தத் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். தாள் என் உயரத்துக்கு ஒட்டியிருந்தது, அவன் குனிந்து படித்தான். திரையில் பார்த்துப் பார்த்து, அவன் எனக்குத் தெரிந்த ஆள் போல ஆகிவிட்டிருந்தான். அவனுக்கு என்னைத் தெரியாது.

"அண்ணே, இங்க வேலை பார்க்கிறீங்களா?"

"ஆமாப்பா."

"இந்த நடைன்னு போட்டிருக்காங்களே, இதை யாரு போடுறது?"

"கீழ. கீழ ரூம்ல."

"போன ஆட்டம் நான் நல்லா ஓடினேன்னுதான் நினைச்சேன்." தாளைப் பார்த்தே சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. "சில நாள் கால் எழும்பாது, எனக்கே தெரியும். அன்னிக்கு எழும்புச்சு. நமக்கே நம்மளைப் பத்தித் தெரியாமப் போயிடுமா அண்ணே?"

தப்பா விழுந்திருக்கும் என்று ஏதோ முனகினேன்.

"யாரை அனுப்பறதுன்னு இந்த வாரம் முடிவு பண்றாங்களாம்" என்று சொல்லிவிட்டு இடது காலை மெல்ல வைத்துப் போனான்.

அன்று மாலை படியிலேயே சகலையை மறித்தேன். கையில் மருந்து பாட்டிலோடு வந்தார்.

"என்ன சகலை, போன ஆட்டத்துல அவனை அப்படிப் போட்டுத் தள்ளிட்டீங்க?"

"எவனை?"

"கொக்கை. மூச்சு விடாம இருமினீங்களே."

அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட மடையா, அது நிஜ இருமல். மழையில நனைஞ்சு நெஞ்சு கட்டிக்கிச்சு. அன்னிக்கு நான் அவனுக்கு ரொம்பக் குறைச்சலாத்தான் போட்டேன். நல்லா ஓடினானே." பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. சிரித்தால் இருமல், இருமினால் சிரிப்பு. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு இருமலுக்குமா போட்ட? தும்மியிருந்தா என்ன பண்ணியிருப்ப, ஆளையே டிஸ்மிஸ் பண்ணியிருப்பியா?"

"முப்பத்து மூணு வந்திருக்கு சகலை. அனுப்பிடுவாங்க அவனை."

சிரிப்பு நின்றது. "வாயைத் திறக்காத. ஒரு ஆட்டம்தான். அடுத்ததுல குறைச்சுப் போட்டா சராசரி சரியாயிடும்."

"அடுத்த ஆட்டத்துக்கு அவன் இருந்தாத்தானே?"

"இருந்தா என்ன, போனா என்ன? உன் மாமனா மச்சானா? ஆடுறவனுக்கு ஆயிரம் கிளப்பு. நம்ம ரெண்டு பேருக்கும் இந்த ஒரு ரூமுதான்."

வீட்டுக்குள் வந்து நடந்தேன். எங்கள் வீட்டில் நடக்க இடம் கிடையாது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு சந்து, அதில்தான் போய் வந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். பிறகு மடிப்பதை நிறுத்தினாள்.

"உக்காந்து சொல்லுங்க. இல்ல நடந்துக்கிட்டே சொல்லுங்க. ஏதோ ஒண்ணு பண்ணுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். இருமலைச் சொன்னபோது அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"சொன்னா அத்தான் வேலை போயிடுமா?"

"போகலாம். எனக்கும் போகலாம்."

"அக்கா என் மூஞ்சில முழிக்க மாட்டா." ஒரு சட்டையை எடுத்து மறுபடி மடித்தாள். "சொல்லாட்டி, நீங்க இப்படியே எத்தனை நாள் நடப்பீங்க?"

நான் சந்தின் கோடிக்குப் போய்த் திரும்பினேன். "எங்கிட்ட கேட்டுட்டுப் போனதா அக்காகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை கணக்கம்மாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவர் திரையில் என் ஜோடியின் எண்களே இருந்தன.

"வாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன். பதினாலாம் நம்பர்ல ரெண்டு பேருக்கும் இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? உங்க ஆளு குறைவாப் போட்டிருக்காரு. நீங்கதான் மலை மாதிரி குவிச்சிருக்கீங்க. முன்னெல்லாம் நேர்மாறால்ல இருந்துச்சு?"

இருமலைச் சொன்னேன். கடனைச் சொல்லாமல் இருமலைச் சொல்ல முடியவில்லை, அதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எத்தனை ஆட்டமா?"

"இதோட பதினொண்ணு."

"அய்யோ." தன் திரையை என் பக்கம் திருப்பினார். "உங்களுக்கு ஒண்ணு தெரியாது. பருவம் ஆரம்பிச்சப்பவே பார்த்தேன், பதினாலுக்கு மட்டும் நீங்க மத்தவங்க போடுறதுல பாதிதான் நடை போடுவீங்க. திட்டலாம்னு நினைச்சேன். ஆனா எப்பவும் ஒரே மாதிரி பாதி. அப்படி இருந்தா கணக்குக்குக் கெடுதல் இல்ல. பதினாலுக்கு நீங்க போடுறதை ரெண்டால பெருக்கிக்கச் சொல்லி கம்ப்யூட்டர்ல வச்சுட்டேன்."

எனக்கு மெதுவாகத்தான் ஏறியது. நான் ஏழு நடை போட்டால் அவர் பதினான்கு நடை என்று எடுத்துக்கொண்டார். சகலையின் இருமலைக் கேட்டு நானும் பதினான்கு போட ஆரம்பித்ததும், அது இருபத்தெட்டு ஆனது. தராசில் என் தட்டு லேசு என்று அவர் ஒரு கல் வைத்திருக்கிறார். நான் அதன் மேல் மூட்டையை இறக்கியிருக்கிறேன். கொக்கு எப்போதும் போலத்தான் ஓடியிருக்கிறான், தாளில் மட்டும் சோம்பேறி ஆகியிருக்கிறான்.

"திடீர்னு ஒத்துப்போக ஆரம்பிச்சப்ப நான் ஏன்னு கேட்டிருக்கணும்" என்றார். "ரெண்டு பேரும் கத்துக்கிட்டாங்கன்னு சந்தோஷப்பட்டேன். அது என் தப்பு. கோச்கிட்ட அதையும் சொல்லித்தான் ஆகணும்."

"அவனுக்கு முட்டி சரியில்லம்மா. அதனாலதான் நான் முதல்ல..."

"இருக்கலாம். முட்டி வலிச்சு நடந்தாலும் நம்ம கூடையில பந்து விழுந்துடுது இல்லையா? ஏன் நடந்தாருன்னு டாக்டர் சொல்லட்டும். நடந்தாரா இல்லையான்னு மட்டும் நீங்க சொல்லுங்க." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "இந்த ஏற்பாடு யாரோடது?" என்றார்.

என்னுடையது என்று சொன்னால் பொய். அவருடையது என்று சொன்னால், விழுந்து கிடந்தவனுக்குச் சோறு போட்ட மனிதரைக் காட்டிக்கொடுத்தது.

"ரெண்டு பேரோடதும்" என்றேன். "அவர் இருமினாரு. நான் போட்டேன்."

பதினொரு ஆட்டத்திலும் பதினான்கின் ஓட்டத்தை அறையில் இருந்த மற்ற இருவரை வைத்து மறுபடி குறித்தார்கள். ஆட்டத்துக்குப் பதின்மூன்று நடை வந்தது. அணியின் சராசரி பன்னிரண்டு. கணக்கம்மா தாளை எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் அறைக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அவர் திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது, மேலே நன்றாகவே வாங்கியிருக்க வேண்டும். "அனுப்பல" என்றார். "முட்டியைக் காட்டச் சொல்லியிருக்காங்க. டாக்டர் சரின்னா ஆடுவாரு."

எங்கள் போனஸ் எல்லாவற்றையும் சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்கு இந்தப் பருவம் முழுக்கப் போனஸ் கிடையாது, ஜோடியும் மாறியது. சகலையைத் திரும்பவும் டிக்கெட் வாசலுக்கே அனுப்பிவிட்டார்கள். தானாக வந்து சொன்னதால் எனக்கு நாற்காலி மிச்சம். அவராகப் போய்ச் சொல்லியிருந்தால் அவருக்கு மிஞ்சியிருக்குமோ என்னவோ.

பதினான்கு திரும்ப இறங்கிய ஆட்டம் என் பங்குக்கே வந்தது. ஒரு இடத்தில் தோள் இறங்கியது, கால் நின்றுபோனது, அவனைத் தாண்டி எதிராளி போய்ப் பந்தைப் போட்டான். என் விரல் அரை ஓட்டத்தின் மேல்தான் இருந்தது. நகர்த்தி நடை போட்டேன்.

சம்பளம் வந்த அன்று தவணைக்கு ஐந்நூறை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். என் மனைவி பாதிப் படியில் நின்றுவிட்டாள். அவள் அக்கா கதவைத் திறந்தார், என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். சகலை வந்தார். அரங்க வாசல் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"என்ன?"

"தவணை சகலை. பாக்கி முப்பத்து நாலாயிரத்து நானூத்து இருபது. மாசாமாசம் இவ்வளவு..."

"வேண்டாம்."

"இல்ல, நான் குடுத்துடறேன். கொஞ்சம் லேட்டாகும்."

"வேண்டாம்னேன்ல. கடனைத் தள்ளிட்டேன். மொத்தமாத் தள்ளிட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க அன்னிக்குச் செஞ்சதுக்கு..."

"செஞ்சேன். நான் சோறு போட்ட அந்த வாயாலதான் நீ கணக்கம்மாகிட்ட என் பேரைச் சொன்ன." குரலை ஏற்றவே இல்லை. "இங்க பாரு. நீ குடுத்தா நான் வாங்கணும். வாங்கணும்னா மாசத்துக்கு ஒரு தடவை உன் மூஞ்சியைப் பார்க்கணும். அதுக்கு முப்பத்து நாலாயிரம் எனக்குப் பத்தாது."

"நானூத்து இருபது" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

"அதுவும் வேண்டாம். டீயும் பன்னும் நீயே வச்சுக்கோ."

கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை, தாழ் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் இறங்கினேன். பாதிப் படியில் மனைவி என் கையிலிருந்த ஐந்நூறைப் பார்த்தாள்.

"வாங்கலையா?"

"கடன் இல்லையாம். தீர்ந்துபோச்சாம்."

அவள் மாடிக் கதவை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா என்று ஒரு தடவை கூப்பிட்டாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது. அவள் என் கையிலிருந்து பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு எனக்கு முன்னால் இறங்கினாள்.